நாடு கடத்திய பிறகு அப்பீலா?



மில்லில் ஒரு தொழிலாளியை வேலைநீக்கம் செய்தால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "விசாரணை நடந்ததா? அவன் பதிலைக் கேட்டீர்களா?" என்றுதானே! வேலைக்கே இந்த நியாயம் வேண்டுமென்றால் உயிருக்கு எவ்வளவு வேண்டும்? அந்நிய நாட்டில் அடைக்கலம் மறுக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகும் விஷயத்தை இந்தக் கண்கொண்டு பாருங்கள்.

1951-ல் ஜெனீவாவில் அகதிகளுக்காக ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் கொடுமைக்கு ஆளாவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி ஓடிவந்தவனை, அந்த ஆபத்திலேயே திருப்பித் தள்ளக் கூடாது என்பது அதன் சாரம். பிரிட்டனும் அதில் கையெழுத்திட்டது.

1987-ல் இலங்கையிலிருந்து தப்பிப் பிரிட்டன் வந்த தமிழர்களில் ஐந்து பேரின் வழக்கைக் கேளுங்கள். உள்துறை இலாகா அடைக்கலம் மறுத்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்தக் கோர்ட், இலாகா சட்டப்படி முடிவு செய்ததா என்று பார்க்குமே தவிர, இவர்கள் சொல்வது மெய்யா என்று தானே விசாரிக்காது. மேல்முறையீட்டுக் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டிசம்பரில் பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. மனதில் அச்சம் இருந்தால் போதாது, அதற்கு உண்மையான ஆதாரமும் வேண்டும் என்றது. 1988 பிப்ரவரியில் ஐவரும் இலங்கைக்கே அனுப்பப்பட்டார்கள்.

முழு விஷயத்தையும் விசாரிக்கும் அப்பீல் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் பிரிட்டனை விட்டு வெளியேறிய பிறகுதான் அதைச் செய்ய முடியும்! பண்ணையார் அடிக்கிறார் என்று ஓடிவந்த கூலியாளிடம், "அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதி அனுப்பு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படியும் அவர்கள் விடவில்லை. இலங்கையில் இருந்தபடியே அப்பீல் செய்தார்கள். திரும்பிய பின் அடி உதைக்கு ஆளானதாகச் சிலர் கூறினார்கள். 1989 மார்ச்சில் அப்பீலை விசாரித்த அதிகாரி, அவர்கள் அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது, அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அக்டோபரில் பிரிட்டன் திரும்பினார்கள். இடையில் போன இருபது மாதத்தை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டிலும் அவர்கள் வழக்காடினார்கள். 1991-ல் அங்கே தோற்றார்கள். ஆனால் 1993-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட், நாடு கடத்துமுன்பே அப்பீல் செய்யும் உரிமைக்குச் சட்டம் போட்டது.

அத்துடன் முடிந்ததா? இல்லை. பின்னாளில், தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட அகதிகள் பலர் இரண்டே வேலைநாளில் அப்பீல் செய்ய வேண்டும் என்று விதி செய்தார்கள். பூட்டிய அறைக்குள் இருப்பவன் அதற்குள் வக்கீலை எங்கே தேடுவான்? சாட்சியம் எப்படிச் சேர்ப்பான்? 2015-ல் கோர்ட்டே அந்த விதிகள் நியாயமற்றவை, செல்லாதவை என்று தள்ளியது.

ஆகவே தோழர்களே, "அப்பீல் உண்டு" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே நின்று செய்வது? எத்தனை நாளில் செய்வது? முழு விஷயத்தையும் விசாரிப்பார்களா? அகதியின் வழக்கானாலும் நம் வேலைநீக்க வழக்கானாலும், இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அந்த அப்பீல் வெறும் காகிதம்தான்.