இன்னொரு மாங்கனி

ஆனி மாதம் நெருங்கினால் காரைக்கால் பள்ளிகளில் தமிழாசிரியர்கள் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு என்ன என்று கேட்கவே வேண்டாம். மாங்கனித் திருவிழாதான். அப்படி வந்த ஒரு கட்டுரையை எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் காட்டினார். எட்டாம் வகுப்புப் பையன் எழுதியது. சந்திப்பிழைகூட இல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியதோ என்று அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பக்தர்கள் மாங்கனிகளை அன்புடன் பகிர்ந்து மகிழ்கின்றனர். சமூக நல்லிணக்கத்தை வளர்ப்பதில் இவ்விழா முக்கியப் பங்கு வகிக்கிறது." இப்படியே ஒன்றரைப் பக்கம்.

திருவிழா அன்றைக்குப் பாரதியார் சாலைப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் மாம்பழத்தைப் பகிர்ந்துகொண்டிருப்பதில்லை. எறிகிறார்கள். சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது மாடியிலிருந்து கூடை கூடையாக வாரி இறைக்கிறார்கள். கீழே முந்தானையை விரித்துப் பிடிப்பவர்கள், துண்டை விரித்துப் பிடிப்பவர்கள், ஒன்றும் கிடைக்காமல் தலையைத் தடவிக்கொண்டு நிற்பவர்கள். ஆசிரியை பையனைக் கூப்பிட்டு, "நீ திருவிழாவுக்குப் போகலையாடா?" என்று கேட்டிருக்கிறார். "போனேன் மிஸ். எங்கப்பா முதுகுல ஒண்ணு பொத்துனு விழுந்து ஒடஞ்சிடுச்சு. வெள்ளச் சட்டை. அம்மா இன்னும் திட்டிக்கிட்டே இருக்கு." "இதை ஏன் எழுதலை?" என்றாராம். அதற்கு அவன், "இதெல்லாம் எழுதலாமா மிஸ்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான்.

செயற்கை நுண்ணறிவு பிள்ளைகளின் எழுத்தைக் கெடுக்கிறதா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பையனின் கேள்வி அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அப்பாவின் சட்டையைக் கட்டுரையில் எழுதக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த இயந்திரமும் இல்லை. நாம்தான்.

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30-ல். அதற்கு முன்னால் நம் பிள்ளைகள் சொந்தமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்களா என்ன? என் தலைமுறைக்குக் கோனார் உரை இருந்தது. திருச்சியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயம்பெருமாள் கோனார் நல்ல புலமையுள்ளவர். பாடம் புரியாமல் தவித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அவருடைய உரை கைகொடுத்தது. அவர் மேல் குறையில்லை. உரையைப் படித்துப் பாடத்தைப் புரிந்துகொள்வதற்குப் பதிலாக, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எதையும் அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்ததும், அதற்கு முழு மதிப்பெண் போட்டதும் நம் வழக்கம். நாற்பது பிள்ளைகள் நாற்பது தாளில் ஒரே கட்டுரையை எழுதினார்கள், கையெழுத்து மட்டும்தான் வேறு. அந்த வேலையை இப்போது கைப்பேசி அரை நிமிடத்தில் செய்கிறது. மனப்பாடம் செய்யும் சிரமம்கூட மிச்சம்.

அது எப்படிச் செய்கிறது என்பதைக் காரைக்கால்காரர்களுக்கு விளக்குவது சுலபம். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி நம் ஊர் நூல். 101 வெண்பாக்கள். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். இயந்திரமும் ஒருவகையில் அந்தாதிதான் பாடுகிறது. இதுவரை வந்த சொற்களையெல்லாம் பார்த்து, இதற்கடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு, ஒன்றைப் போடுகிறது. பிறகு அதையும் சேர்த்துப் பார்த்து அடுத்ததைப் போடுகிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குப் படிக்கக் கொடுத்ததிலிருந்து. திருவிழாக் கட்டுரைகளில் 'பகிர்ந்து' என்ற சொல்லுக்குப் பின்னால் 'மகிழ்கின்றனர்' என்று நாம் இத்தனை காலம் எழுதி எழுதி வைத்திருக்கிறோம் இல்லையா, அதையே அது நமக்குத் திருப்பித் தருகிறது. அம்மையார் ஆலங்காட்டில் இருந்து பாடியவர். இயந்திரம் ஆலங்காட்டைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் சில நேரம் இல்லாத குறளைக்கூடக் கூசாமல் சொல்லும். எண்ணிப் பார்த்தால் ஏழு சீர் தேறாது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கொடுத்த ஆறு தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி, அந்த ஆறும் நடக்காத வழக்குகள் என்று தெரிந்து, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 'காரைக்கால்' நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்குள் போனால் அது பத்துக் குறிகளாகப் பிரிந்து முப்பது பைட்டுகளில் உட்காருகிறது. மொழி இயந்திரங்கள் வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் வாசிக்கின்றன. ஆங்கிலத்தில் 27 துண்டாக நறுக்கிய ஒரு சின்ன அறிமுக வாசகத்தைத் தமிழில் 116 துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் புது முறை கொண்டுவந்த பிறகு ஆங்கிலத்தில் அது 24 ஆனது, தமிழில் 35-ஆக இறங்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இயந்திரம் படித்து வளர்ந்த பக்கங்களில் பெரும்பங்கு ஆங்கிலம். அதனால் அதன் தமிழ் இலக்கணப் பிழையில்லாமல் இருக்கும், ஆனால் நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அந்தத் தமிழையே நல்ல தமிழ் என்று நம்பி ஒரு பிள்ளை வளர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. திருடுவது, ஏமாற்றுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

படிப்புக்கு வருகிறேன். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2024-ல் அது வெளியே வந்தது. சிலருக்குச் சாட்ஜிபிடி போலக் கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் கருவி. சிலருக்கு விடையைச் சொல்லாமல், "அடுத்த படி என்ன, யோசித்துப் பார்" என்று ஆசிரியர் போலக் குறிப்பு மட்டும் கொடுக்கும் கருவி. மற்றவர்களுக்கு வெறும் புத்தகம். பயிற்சி வகுப்பில் முதல் கூட்டம் புத்தகக் கூட்டத்தைவிட 48 சதவீதம் கூடுதலாக மதிப்பெண் வாங்கியது, குறிப்புக் கூட்டம் 127 சதவீதம். பிறகு கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை வாங்கிப் பழகியவர்கள், எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். குறிப்பு வாங்கியவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. குறைவாகக் கற்ற பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதே தெரியவில்லை.

கட்டுரை விஷயத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 54 பேரை வைத்து ஒரு சிறு சோதனை நடந்தது. 2025-ல் வெளிவந்தது. எண்ணிக்கை குறைவு, அதை வைத்துப் பெரிதாக முழங்க முடியாது. ஆனாலும் ஒரு செய்தி சுவையானது. கருவியின் துணையோடு எழுதியவர்களிடம், "சற்றுமுன் எழுதினீர்களே, அதிலிருந்து ஒரு வரி சொல்லுங்கள்" என்று கேட்டபோது பெரும்பாலோரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கோனார் உரையை ஒப்பித்தவனுக்காவது பத்து வரி மனத்தில் நின்றது.

சரி, கண்டுபிடித்துத் தண்டித்துவிடலாமே என்கிறார்கள். அதற்கென்று விற்கும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையின் மேல் பழி போட்டுவிடாதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொன்றை வெளியிட்டது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதிலும் 9 சதவீதத்தை இயந்திர எழுத்து என்றது. ஜூலையில் கடையைக் கட்டிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் 'இயந்திரம் எழுதியது' என்று வந்தது. எளிய சொற்களில், திட்டமான வாக்கியங்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். நிரவியிலிருந்தோ நெடுங்காட்டிலிருந்தோ வந்து, பள்ளியில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக் கல்லூரியில் ஒப்படைப்பு எழுதும் பெண்ணுக்கும் அதே கதி நேரலாம்.

இதற்கு அம்மையாரின் கணவன் பரமதத்தனிடம் ஒரு வழி இருக்கிறது. வேடிக்கையாகச் சொல்லவில்லை. சேக்கிழார் சொன்ன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடையிலிருந்து அவன் அனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றைப் புனிதவதியார், அதாவது அம்மையார், சிவனடியாருக்கு இட்டுவிட்டார். மற்றதைச் சாப்பிட்ட கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவனை வேண்டிப் பெற்ற கனியை வைக்கிறார். தின்றவனுக்கு ருசி இடிக்கிறது. அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது. "இது எங்கே கிடைத்தது?" என்கிறான். சொன்னபோது நம்பாமல், "அப்படியானால் இன்னொன்று வரவழை" என்கிறான். கட்டிய மனைவியைச் சந்தேகப்பட்டது அவன் பிழை. அம்மையார் வரவழைத்துக் காட்டினார், அவன்தான் தோற்றான். ஆனால் வகுப்பறைக்கு அந்தக் கேள்வி உதவும். கட்டுரை பிரமாதமாக இருக்கிறதா? சந்தோஷம். உட்கார், இதே விஷயத்தில் இன்னொரு பத்தி என் கண்ணெதிரே எழுது. அல்லது வாயால் சொல். உண்மையிலேயே எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அதில் அவமானம் ஒன்றுமில்லை, அம்மையாருக்கு இல்லாதது போல. ஐம்பது பேர் வகுப்பில் இதற்கு நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். வாரம் ஐந்து பேரிடம் கேட்டால் போதும். யாரை என்று முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தால், மற்றவர்களும் தாங்கள் கொடுத்ததைத் தாங்களே ஒருமுறை படித்துவிட்டு வருவார்கள்.

இதற்காக எல்லா எழுத்தையும் தாமே எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே நொத்தேர் இருந்தார், பத்திரம் அவர் பொறுப்பு. பிரெஞ்சு ஆட்சி 1954-ல் முடிந்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே இருந்த குடும்பங்களில், புதுச்சேரி துணைத் தூதரகத்துக்குப் பென்ஷன் கடிதம் எழுத மொழி தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். இன்றைக்கும் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் இருக்கிறார். பட்டா மாறுதலுக்கு எழுதும் மனுவில் யாரும் எதையும் கற்கப்போவதில்லை, வேலை முடிந்தால் சரி. அதை இயந்திரம் எழுதட்டும். பள்ளிக் கட்டுரை அப்படியில்லை. அந்தத் தாள் யாருக்கும் வேண்டாம், மதிப்பெண் போட்ட மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதை எழுதும்போது பிள்ளையின் மண்டைக்குள் நடப்பது மட்டும்தான் மிச்சம்.

இயந்திரம் நல்ல துணையாகும் இடமும் உண்டு. ஔவையார் அரசு மகளிர் கல்லூரியில் படிக்கும் மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி. பாடம் ஆங்கிலத்தில். இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. டியூஷனுக்குப் பணமில்லை. "இதை எனக்குத் தமிழில் சொல், புரியவில்லை, இன்னும் எளிதாகச் சொல்" என்று அவள் பத்து முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. சொல்வதில் பிழை இருக்கலாம், பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் கிடைத்துவந்த ஒன்று அவளுக்கு முதல்முறையாகக் கிடைக்கிறது. இதைத் தடைசெய்ய வேண்டும் என்பவர்கள் ஒரு வாரம் அவள் வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும். துருக்கி ஆய்வில் குறிப்பு மட்டும் கொடுத்த கருவி செய்ததும் இதே வேலைதான். "விடையைச் சொல்லாதே, நான் எங்கே தவறினேன் என்று காட்டு" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கினால் போதும். அதற்குப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு யோசனை, ஆசிரியர்களுக்கு. இயந்திரத்துக்குத் தெரியாத தலைப்பாகக் கொடுங்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள் என்பது அந்தந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதில் பெரும்பாலானதை யாரும் எழுதவில்லை. எழுதாததை இயந்திரம் படித்திருக்க முடியாது. இப்போது பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதற்குப் பின்னால் பிறந்தவர்கள், அவர்களுக்கும் தெரியாது. பாட்டியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யட்டும். எழுதிய பிறகு ஒற்றுப்பிழை பார்க்க இயந்திரத்திடம் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், "பனமரம் ஒசரத்துக்கு வந்துச்சு" என்று பாட்டி சொன்னதை அது "பேரலைகள் எழுந்தன" என்று திருத்திக் கொடுத்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் ஏற்காதீர்கள்.