தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவோம்



  தமிழகத்தில் மேலைச் செவ்வியல் இசை நிகழ்வுகள் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். தஞ்சை மன்னர் சரபோஜியின் அரண்மனை வாத்தியக் குழுவையும் 1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனையும் நீங்கள் நன்கறிவீர்கள். அமர்வுகள் அவற்றை விரிவாகப் பேசும். கச்சேரி அரங்குகளை விட்டு வெகுதொலைவிலுள்ள காரிமங்கலத்தில் கூடியிருக்கும் நாம், அரங்குக்கு வெளியே ஒலித்த இசையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த வரலாற்றை மேலை மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வரங்களிலிருந்தும் பாலுசுவாமி தீட்சிதரின் வயலினிலிருந்தும் தொடங்குவது நம் துறையின் வழக்கம். அந்த வழக்கத்தை நிலைநாட்டிய மூத்தோரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் உடன்பட முடியவில்லை. நோட்டுஸ்வரங்களுக்கு அடியிலிருப்பவை பெரும்பாலும் அணிவகுப்பு மெட்டுகளும் நடன மெட்டுகளும் நாட்டுப்பாடல்களுமே. ஜெர்மானியப் பரோக் தேவாலய இசையின் உயிர்நாடியான, கோரல் எனப்படும் லுத்தரன் சபைப்பாடல் நோட்டுஸ்வரங்களுக்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே இங்கு வந்துவிட்டது. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவரை உருவாக்கிய ஹாலே நகரம்தான் ஹேண்டல் பிறந்த ஊர். அதே 1706இல் ஆர்ன்ஷ்டாட் தேவாலயத்தில், கோரலுக்குள் விசித்திரமான மாறுதல்களைப் புகுத்திச் சபையாரைக் குழப்புவதாக இளம் பாக் கண்டிக்கப்பட்டார். அந்தக் கோரல் மரபின் மெட்டுகளில்தான் தரங்கம்பாடி மிஷன் தமிழ்ப் பாடல்களை அமைத்தது. பாக் வாழ்ந்த காலத்திலேயே அந்த இசை இங்கே தமிழில் பாடப்பட்டது. ஞானப்பாட்டு என்ற பெயரில் இன்றும் பாடப்படுகிறது. இசையமைப்பாளர் ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு மெட்டை, பாக் தம் ‘மத்தேயு பாடுகள்’ இசைப்படைப்பில் ஐந்து இடங்களில் கையாள்கிறார். பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சபைகள் பாடுவதும் அதே மெட்டைத்தான்.

இது வழிபாடு, கச்சேரி அல்ல என்று மறுப்பார்கள். ‘மத்தேயு பாடுகள்’ எழுதப்பட்டதும் லைப்சிக் தேவாலயத்தின் பெரிய வெள்ளி வழிபாட்டுக்காகவே. மெண்டல்சோன் அதைக் கச்சேரியாக நடத்தியது 1829இல்தான். வழிபாட்டை விலக்கினால் பரோக் இசையில் பெரும்பகுதியை விலக்க வேண்டியிருக்கும். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் வந்தபின் இந்த மெட்டுகள் அந்நியமாகிவிட்டன என்பது இன்னொரு வாதம். அவருடைய கீர்த்தனைகளின் வெற்றியை நான் கொண்டாடுகிறேன். ஆனால் ஒரே ஆராதனையில் கீர்த்தனையும் ஞானப்பாட்டும் அடுத்தடுத்து ஒலிப்பதை அந்த வாதம் பார்க்க மறுக்கிறது.

மெட்டு திரிந்துவிட்டது, வேகம் தளர்ந்துவிட்டது, சுரத்துக்குச் சுரம் இழுத்துப் பாடுகிறார்கள் என்ற மறுப்புக்கே நான் அதிகம் மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சபைகளும் கோரலை மிக மெதுவாகத்தான் பாடின. எனவே நம் சபைகளின் நிதானம் முழுவதும் பின்னாளில் சேர்ந்த பழுதென்று எப்படி முடிவு கட்டுவது? அதில் ஒரு பகுதி ஹாலேயிலிருந்து வந்த நடையாகவே இருக்கலாம். எது வந்தது, எது இங்கே சேர்ந்தது என்பதை அச்சிட்ட சுரத்தாள் காட்டாது. பாடும் குரல்களை ஊர் ஊராகப் பதிவுசெய்து ஒப்பிட்டால்தான் தெரியும். நோட்டுஸ்வரத்துக்கு ஒதுக்கிய அமர்வுகளில் ஒன்றையாவது அடுத்த கருத்தரங்கில் இந்தப் பணிக்குத் தர வேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.