புயற்கரையில் ஜன்னல்: விலையும் ஆயுளும்

(வீட்டு வசதி குறித்த பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

வீட்டுச் செலவுக் கணக்கில் சுவரும் கூரையும் பெறும் கவனத்தை ஜன்னல் பெறுவதில்லை. பழைய ஜன்னலை மாற்றும் பொழுது, விலைப் பட்டியலில் எது குறைவு என்று பார்த்து முடிவு செய்வதே வழக்கமாக உள்ளது. பருவமழையோடு புயலையும் எதிர்கொள்ளும் ஒடிசாக் கடற்கரைக்கு இவ்வழக்கம் பொருந்தாது. 2019 மே 3ஆம் நாள் பூரிக்கு அருகில் கரையைக் கடந்த ஃபானி புயல் மணிக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அத்தகைய இடங்களில் ஜன்னல் வெறும் வசதிப் பொருளன்று; வீட்டைக் காக்கும் உறுப்புகளுள் ஒன்று.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி (2015) பெங்களூருக்கு விநாடிக்கு 33 மீட்டர், மும்பைக்கு 44 மீட்டர், புவனேசுவரத்துக்கு 50 மீட்டர் என அடிப்படைக் காற்று வேகத்தை வகுத்துள்ளது. கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறம் ஆகியவற்றுக்கான திருத்தங்களை ஒதுக்கினால், சதுர மீட்டருக்கான அழுத்தம் முறையே சுமார் 650, 1,160, 1,500 நியூட்டன் ஆகும். அதாவது வேகம் ஒன்றரை மடங்காகும் பொழுது சுமை இரண்டேகால் மடங்கைத் தாண்டுகிறது. 1.2 மீட்டர் நீள அகலமுள்ள ஜன்னல் மீது புவனேசுவரத்தில் விழக்கூடிய விசை ஏறத்தாழ 220 கிலோ எடைக்குச் சமம்.

ஜன்னல் பெயர்ந்தால் இழப்பு கண்ணாடியோடு நிற்பதில்லை. சுவரில் திறப்புகள் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும் வீட்டுக்கு உள்ளழுத்தக் கெழு 0.2 என்றும், 20 விழுக்காட்டைத் தாண்டும் வீட்டுக்கு 0.7 என்றும் அதே விதி கொள்கிறது. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. வெளிக்காற்று மேலிருந்து இழுக்கிறது. தகட்டுக் கூரை வீடுகளில் ஒரு ஜன்னலின் தோல்வி கூரையின் இழப்பாக முடியக் கூடும்.

எனினும் திறப்பைக் குறைத்துவிடுவது தீர்வாகாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் தரைப் பரப்பில் 16.66 விழுக்காடாவது திறக்கக் கூடிய ஜன்னற் பரப்பு வேண்டுமென 2018ஆம் ஆண்டின் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ கூறுகிறது. 12 சதுர மீட்டர் அறைக்கு இது 2 சதுர மீட்டர். இரட்டைக் கதவுச் சறுக்கு ஜன்னல் பாதியளவே திறக்கும். அதன் தடத்தில் மழைநீரும் தேங்கும். வெளிப்புறம் திறக்கும் கீல் ஜன்னலோ முழுவதும் திறக்கும். மூடியிருக்கையில் எதிர்க்காற்று அதன் கதவைச் சட்டத்தோடு இறுக அழுத்தும். காற்று மறைவுப் பக்கத்தில் இழுவிசை இருப்பதால், மேலும் கீழும் பற்றும் தாழ்ப்பாள் இன்றியமையாதது.

பொருளைத் தேர்வதிலும் இதே கவனம் தேவை. மரம் ஈரத்தில் உப்பி இறுகும். சாதாரண இரும்பு கடற்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். அலுமினியம் நீடிக்கும், ஆனால் இரும்புத் திருகாணியோடு சேர்ந்தால் உப்பு ஈரத்தில் அரிக்கப்படும். எனவே துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே ஏற்றவை. யு.பி.வி.சி. சட்டம் துருப்பிடிக்காது எனினும், விறைப்புக்கு உள்ளே எஃகு வலுவூட்டல் வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இணைப்பு சரியாக அடைக்கப்படாவிட்டால் உயர்ந்த ஜன்னலும் ஒழுகும். அடிப்பகுதி வெளிப்புறம் சரிந்திருத்தலும், மேலே சன்ஷேடு இருத்தலும் மிகச் சிக்கனமான பாதுகாப்புகள்.

விலையை ஓர் எடுத்துக்காட்டால் ஆராயலாம். 10,000 ரூபாய் ஜன்னல் 8 ஆண்டுகளும், 16,000 ரூபாய் ஜன்னல் 20 ஆண்டுகளும் உழைப்பதாகக் கொண்டால், 8 விழுக்காடு வட்டியையும் சேர்த்து ஆண்டுச் செலவு முறையே சுமார் 1,740, 1,630 ரூபாய் ஆகிறது. பராமரிப்பையும் புயற்சேதத்தையும் சேர்த்தால் இடைவெளி மேலும் விரியும். ஆனால் கூடுதலான 6,000 ரூபாயை முதலிலேயே செலுத்த எளிய குடும்பத்தால் இயலுவதில்லை. ஆகவே பழுதுபார்ப்புக் கடன் எளிதில் கிடைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

அரசுக் குடியிருப்புகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர்கள் பொருளின் பெயரையும் அளவையும் குறிப்பிடுவதோடு நின்றுவிடலாகாது. தாங்க வேண்டிய காற்றழுத்தம், நீர்க்கசிவுச் சோதனை, திருகாணியின் உலோகம், சுவரில் பொருத்தும் முறை ஆகியவற்றையும் நிபந்தனைகளாக்க வேண்டும். இவற்றை நிறைவு செய்யும் புள்ளிகளுக்குள் குறைந்ததைத் தேர்வதே உண்மையான சிக்கனம்.