இலை தின்னும் குரங்கின் வயிற்றுக்குள்



வியட்நாமில் டா நாங் நகரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது சொன் ட்ரா என்னும் மலைக்காடு. அங்கே டூக் என்றொரு குரங்கு வாழ்கிறது. முழங்காலுக்குக் கீழே செம்பழுப்பு, முன்கையில் வெள்ளை, முகத்தைச் சுற்றி வெண்தாடி. யாரோ உட்கார்ந்து வண்ணம் தீட்டியதுபோல் இருக்கும். அது தின்பது பெரும்பாலும் இலைதான்.

இலையைத் தின்றுவிடலாம், செரிப்பதுதான் பாடு. அதன் நாரை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டிக்கும் சொந்தமாகச் சுரப்பதில்லை. மாடு தன் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிரிகளைக் குடிவைத்து அந்த வேலையை வாங்கிக்கொள்கிறது. டூக்கின் வயிறும் மாட்டினுடையது போலவே அறை அறையாக இருக்கும். தின்ற இலை அங்கே தங்கி ஊறும், நொதிக்கும். நுண்ணுயிரிகள் நாரைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கித் தரும். குரங்குக்குத் தெம்பு அதிலிருந்துதான். நம் நீலகிரிக் கருமந்தியும் இதே குடும்பம், அதற்கும் இதே வயிறு. இனிப்பு மிகுந்த பழம் அளவுக்கு மீறிப் போனால் அந்த வயிற்றில் புளிப்பு ஏறிவிடும். அன்போடு வாழைப்பழம் நீட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

2016-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கிளேட்டன், நைட்ஸ் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காட்டு டூக்குகள், மீட்பு மையத்து டூக்குகள், உயிரியல் பூங்காக்களில் வளர்பவை என மூன்று இடத்து மலத்தையும் சேகரித்து, அதிலிருந்த நுண்ணுயிரிகளை மரபணு வழியே இனங்கண்டார்கள். காட்டுக் குரங்கின் குடலில்தான் வகைகள் மிகுதி. மீட்பு மையத்தில் குறைவு. பூங்காவில் இன்னும் குறைவு. காலியான இடத்தில் வந்து நிறைந்தவை எவை தெரியுமா? பிரிவோடெல்லா, பாக்டீராய்ட்ஸ். இன்றைய மனிதக் குடலில் ஓங்கி நிற்பவை இவைதாம்! கோஸ்டா ரிகாவின் ஊளைக்குரங்குகளிலும் இதே கதை. டூக்கும் அதுவும் வெவ்வேறு கண்டத்துக் குரங்குகள். ஆனால் கூண்டுக்குள் வந்ததும் இரண்டின் குடலும் மனிதக் குடலின் சாயலுக்கு நகர்ந்துவிட்டன. பூங்காக் குரங்குகளின் மலத்தில் தாவரங்களின் மரபணுத் தடயமும் குறைந்திருந்தது. உணவில் இலையின் பங்கு சுருங்கியதைத்தான் அது காட்டுகிறது. கூண்டில் வளரும் டூக்குகளுக்கு ஓயாமல் வயிற்றுக் கோளாறு வருவதை இதோடு சேர்த்துப் பார்க்கிறபோது எனக்கு மனம் கனக்கிறது. நல்லெண்ணத்தோடு வளர்ப்பவர்கள் கையிலேயே அவை நலிகின்றன.

இலை மட்டும் போதுமா என்றால், கூட்டும் வேண்டும் போலிருக்கிறது. கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் பபூன் குரங்குகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே இரண்டு கூட்டங்களைச் சேர்ந்த 48 பபூன்களை ஆராய்ந்த முடிவு 2015-இல் வந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே உணவைத்தான் தின்றன. ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம் குடல் நுண்ணுயிரிகள் வேறுபட்டன. ஒரே கூட்டத்துக்குள்ளும், ஒன்றுக்கொன்று அடிக்கடி பேன் பார்த்துக்கொள்ளும் பபூன்களின் நுண்ணுயிரிகள் அதிகம் ஒத்திருந்தன. மயிரைக் கோதும் விரலும் வாயும் அவற்றைக் கைமாற்றுகின்றன போலும்.

டூக் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்டவற்றை வியட்நாமின் குக் ஃபுவோங் தேசியப் பூங்காவில் இருக்கும் மையத்தில் வைத்துக் காக்கிறார்கள். அங்கே பணியாளர்கள் அன்றாடம் பச்சை இலைக்கிளைகளை வெட்டிக் கட்டுக்கட்டாய்ச் சுமந்து வந்து கூண்டுகளில் தொங்கவிடுகிறார்கள்.