இவன் தேறுவானா?



2025-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. அப்போட்டியில் 24 நாடுகள் கலந்துகொண்டது அதுவே முதன்முறை. நவம்பர் 29, சனிக்கிழமை இரவு, இந்தியாவும் ஓமன் நாடும் மதுரையில் மோதின. அதைக் காண ராசிங்காபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் புறப்பட்டோம். நுழைவுச்சீட்டு இலவசம் என்பதும் எங்கள் ஆர்வத்துக்கு ஒரு காரணம், அதை மறைப்பானேன்?

வேனில் என் பழைய மாணவர்கள் சிலர் இருந்தனர். ஒருவர் போடியில் ஏலக்காய் வியாபாரி. மற்றொருவர் நாள்தோறும் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர். அவருடைய பதின்மூன்று வயது மகனும் உடன் வந்தான். அவன் பள்ளியில் ஹாக்கி ஆடுகிறான். கல்லும் புழுதியுமான மைதானத்தில் ஆடிப் பழகிய அவன், தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் பந்து கோடு கிழித்தாற்போல் ஓடுவதை அன்றுதான் நேரில் கண்டான்.

இந்தியா பதினேழு கோல் போட்டது. ஓமன் ஒன்றும் போடவில்லை. தில்ராஜ் சிங் நான்கு, அர்ஷ்தீப் சிங் நான்கு. திரும்பும் வழியில் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் வேனில் பெரிய நியாயசபையே கூடிவிட்டது. இவர்களுள் எவன் நாளை மூத்தோர் அணிக்குப் போவான்? ஒலிம்பிக்கில் எவன் ஆடுவான்? நான்கு கோல் போட்டவன்தான் என்றார் ஒருவர். பின்வரிசையில் பதற்றமின்றிப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவனே என்றார் இன்னொருவர். ஏலக்காய் வியாபாரிக்கு ஐயமே இல்லை. ஏல மையத்தில் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி, தோலைப் பிளந்து, விதை கறுத்திருக்கிறதா என்று பார்த்து விலை சொல்லும் கை அல்லவா அது! “காயைப் பார்த்தாலே தெரியும் ஐயா, எட்டு மில்லிமீட்டர் தேறுமா தேறாதா என்று” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காய் பறித்து உலர்த்திய பிறகு எவரும் விலை சொல்லலாம். இந்தப் பிள்ளைகளோ இன்னும் பூக்காத செடிகள். ஏலச்செடி நட்டால் மகசூலுக்கு ஏறத்தாழ மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். நிழலும் மழையும் ஒத்துழைக்க வேண்டும். பதினேழு கோல் விழுந்த ஆட்டத்திலோ எதிர்ப்பு என்பதே இல்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் எதை அளப்பது?

இப்பேச்சு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் முதலிய குளிர்நாடுகளில் ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கிதான். இருபது வயதுக்கு உட்பட்டோரின் உலகப் போட்டி ஆண்டுதோறும் கிறிஸ்துமஸையொட்டித் தொடங்கும். அமெரிக்க, கனடிய ஆட்டச் சங்கங்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வரிசை எண் இட்டுத் தேர்ந்துகொள்கின்றன. ஆகவே இரசிகர்களுக்கு அங்கும் இதே வழக்காடல்தான். 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் சுவீடனைச் சேர்ந்த ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் என்னும் கோல்காப்பாளர் 205-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அதாவது, அவருக்கு முன்னே 204 பேர் மேலானவர் எனக் கணிக்கப்பட்டனர். ஆறே ஆண்டுகளில், 2006-இல், தம் நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியின் கோலைக் காத்தவர் அவரே. இத்தனைக்கும் அந்தக் கணிப்பாளர்கள் இதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

மதுரையில் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக நின்ற ஸ்ரீஜேஷும் அத்தகையவரே. கேரளத்து விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் ஓட்டம், நீளந்தாண்டல், கைப்பந்து என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கோல்முன் வந்து நின்றார். டோக்கியோவிலும் பாரிஸிலும் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பிறகு வந்தவை.

மாறாகவும் நடப்பதுண்டு. 2001-இல் இளையோர் கோப்பையை வென்ற நம் அணியில் ஜுக்ராஜ் சிங் இருந்தார். பெனால்டி கார்னர் அடிப்பதில் அவருக்கு நிகர் அரிது என்று நாடே பேசிற்று. 2003-இல் ஒரு கார் விபத்து அவருடைய ஆட்டத்தை முடித்துவிட்டது. 2016-இல் லக்னோவில் கோப்பையைக் கையில் ஏந்திய தலைவர் ஹர்ஜீத் சிங். டோக்கியோ அணியிலும் பாரிஸ் அணியிலும் அவர் பெயர் இல்லை. அவருக்குக் கீழ் ஆடிய ஹர்மன்பிரீத் சிங்தான் பாரிஸில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கினார்.

இவற்றை நான் வேனில் எடுத்துச் சொன்னபோது எல்லோரும் கேட்டுக்கொண்டனர். ஜீப்பில் மலைக்குச் செல்லும் அந்த நண்பர் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் காரணம் எனக்குத் தெரியும். வேனில் வேறு எவருக்கும் தெரியாது.

1996-இல் அவர் என் வகுப்பில் படித்த சிறுவன். ஓட்டத்தில் அவனைத் தொட ஆளில்லை. உடற்கல்வி ஆசிரியர் அவனை விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்ப விரும்பினார். அவனுடைய தந்தை என்னிடம் வந்து, “வாத்தியாரய்யா, பையன் தேறுவானா?” என்று கேட்டார். ஓட்டம் சோறு போடாது, முதலில் கணக்கில் நாற்பது வாங்கட்டும் என்றேன். என் வாக்கை அக்குடும்பம் வேதவாக்காகக் கொண்டது. பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றான். மறு மாதமே மலை ஏறிவிட்டான். விடுதிக்குப் போயிருந்தால் பெரிய வீரனாகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு கணிப்புத்தானே! தேர்வாளர்கள் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை, மைதானத்துப் பக்கமே போகாத நான் நாற்காலியில் அமர்ந்தபடி சொன்னேன் என்பதே என் குற்றம்.

டிசம்பர் 10 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை ஊர்த் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5–1 என்று தோற்ற பிள்ளைகள் அர்ஜென்டினாவிடமும் இரண்டு கோல் பின்தங்கினர். “இவனுங்க தேற மாட்டானுங்க” என்று வியாபாரி எழுந்து போய்விட்டார். 49-ஆம் நிமிடத்தில் அங்கித் பால் ஒரு கோல் போட்டார். அடுத்து மன்மீத் சிங், சாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா. பதினொரு நிமிடத்துக்குள் நான்கு கோல்கள்! வெண்கலம் நம்முடையதாயிற்று. வியாபாரி மறுநாள் காலைச் செய்தித்தாளில்தான் இதனை அறிந்தார்.

கடை கலைந்தபின் அந்த நண்பர் என் அருகே வந்தார். கோவில்பட்டி விடுதியில் ஹாக்கிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களாம் என்றார். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஐயா, பையன் தேறுவானா?” என்றார். 1996-ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறந்திருப்பார் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

“தெரியாதப்பா” என்றேன். “தேர்வு நாளில் நானும் உங்களோடு கோவில்பட்டிக்கு வருகிறேன்.”

“ஒரு நாள் கூலி போகுமே ஐயா.”

“போகட்டும்.”

வரும் கோடையில் தேர்வு இருக்கும் என்கிறார்கள். அதுவரை பையன் மாலைதோறும் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் பாடத்துக்கு வருகிறான். பின்னங்களில் தடுமாறுகிறான்; ஆயினும் தகப்பனைவிடச் சற்றே மேல்.