காட்டுயிர்களைப் படம் பிடிக்க எந்தக் கேமரா?



தோட்டத்தில் குடியிருக்கும் நமக்குக் காட்டுயிர் என்பது எங்கோ தொலைவில் உள்ளதன்று. காலையில் வேலைக்குப் போகும் வழியில் உடும்பு சாலையைக் கடக்கிறது. கால்வாய் ஓரத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. எலிகளைப் பிடிப்பதற்கென்றே செம்பனை நிரைகளுக்கிடையே கம்பம் நட்டு, பெட்டி பொருத்தி, கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். காட்டை ஒட்டிய தோட்டங்களில் யானையே வந்து இளங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறது. இவற்றையெல்லாம் படம் எடுக்கவேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் கைப்பேசியால் எடுத்தால் பறவை கடுகளவுதான் தெரிகிறது. ஆகவே, தூரத்தில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும் ஜூம் கேமரா ஒன்றை வாங்குவதாக இருந்தால், எதை வாங்குவது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நாங்கள் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பள்ளி இயற்கைக் கழகத்துப் பிள்ளைகள் பழைய தாளும் டின்னும் விற்று 380 வெள்ளி சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் இணையம் வழியாக ஒரு கேமரா வாங்கினோம். பெட்டியின்மேல் '48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. திறந்து பார்த்தால், ஜூம் பொத்தானை அழுத்தியும் வில்லை ஓர் இம்மிகூட அசையவில்லை! படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டியதே தவிர, அது வேறொன்றும் செய்யவில்லை. இதற்கு டிஜிட்டல் ஜூம் என்று பெயர். சட்டையில் ஒரு பூவை வெட்டி எடுத்து இழுத்துப் பெரிதாக்க முடியுமா? நூல்தான் பிரியும். திருப்பிக் கொடுக்க முயன்றோம். விற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே, நேயர்களே, கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "ஆப்டிகல் ஜூம் எவ்வளவு?" வில்லைகள் உண்மையிலேயே முன்னும் பின்னும் நகர்ந்து உருவத்தைப் பெரிதாக்குவதே ஆப்டிகல் ஜூம்.

அடுத்து, 'மடங்கு' என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 60 மடங்கு என்றால் கண்ணால் பார்ப்பதைவிட 60 மடங்கு பெரிது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. வில்லையின் மிக நீண்ட நிலையை மிகக் குறுகிய நிலையால் வகுத்து வரும் எண் அது. பேனசோனிக் எஃப்.இசட்.82 என்ற கேமரா 20 மில்லிமீட்டரில் தொடங்கி 1200-இல் முடிகிறது. ஆகவே 60 மடங்கு. 2015-இல் வந்த நிக்கான் பி900, 24-இல் தொடங்கி 2000-இல் முடிகிறது; அது 83 மடங்கு. கேனன் எஸ்.எக்ஸ்.70, 21-இல் தொடங்கி 1365 வரை போகிறது, 65 மடங்கு. தொலைவில் உள்ளதைப் பிடிக்கும் ஆற்றல் அந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கிறது. மடங்கைக் கேட்காதீர்கள், கடைசி மில்லிமீட்டரைக் கேளுங்கள்.

அந்த எண் நமக்கு எவ்வளவு வேண்டும்? அதை நம் தோட்டத்திலேயே அளந்து பார்க்கலாம். செம்பனை பொதுவாக ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. ஒரே நிரையில் நின்று பன்னிரண்டாவது மரத்தைப் பார்த்தால், முதல் மரத்திலிருந்து அது ஏறக்குறைய 100 மீட்டர். அந்தத் தூரத்தில் 600 மில்லிமீட்டர் வில்லைக்குள் ஆறு மீட்டர் அகலமான காட்சி அடங்கும். யானைக்கு அது தாராளம். 1200 என்றால் மூன்று மீட்டர் அகலம். தூரம் பாதியானால் அகலமும் பாதியாகும். மலாய்க்காரர்கள் எங்காங் என்று அழைக்கும் பெரிய இருவாட்சி, அலகிலிருந்து வால்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர். அது 50 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் 600 மில்லிமீட்டரில் படத்தின் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். ஒரு சாண் சற்று மிஞ்சிய மீன்கொத்திக்கு நாம் இன்னும் நெருங்கித்தான் ஆகவேண்டும்.

அப்படியானால் மிகப் பெரிய எண்ணை வாங்கிவிட்டால் போதுமே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இங்கேதான் வெளிச்சம் குறுக்கே வருகிறது. ஒளி நுழையும் வாயின் அளவை எஃப் என்ற எழுத்தோடு ஓர் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறிதானால் வாய் பெரிது. பேனசோனிக் எஃப்.இசட்.300 என்ற கருவி 600 மில்லிமீட்டர்வரைதான் போகும். ஆனால் கடைசிவரை எஃப் 2.8-ஐ விடாது. முன்சொன்ன 1200 மில்லிமீட்டர் கருவியோ முழுவதும் நீளும்போது எஃப் 5.9-க்கு இறங்கிவிடுகிறது. அப்போது முதலாவதன் வாய்வழியே நான்கு மடங்குக்கும் அதிகமான ஒளி வருகிறது. முன்னதில் நானூற்றில் ஒரு வினாடியில் எடுக்கும் படத்துக்குப் பின்னதில் தொண்ணூற்றில் ஒரு வினாடி பிடிக்கும். மட்டைகள் கவிந்து, நண்பகலிலும் இருண்டு கிடக்கும் செம்பனை நிழலில், அந்த நேரத்துக்குள் பறவை தலையைத் திருப்பிவிடும். கைநடுக்கத்தைத் தணிக்கும் வசதி எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அது நம் கையைத்தான் அடக்கும், பறவையை அடக்காது.

இத்தகைய கேமராக்களில் ஒளியை உணரும் சில்லு பெரும்பாலும் சிறிது, 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். சோனி ஆர்.எக்ஸ்.10 நான்காம் பதிப்பில் உள்ள சில்லு பரப்பில் இதைப்போல் நான்கு மடங்கு. அந்திப் படங்கள் அதில் தெளிவாக வரும். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் பேசாமல் திரும்பினோம்.

கண் வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லாத கருவியை வாங்கவேண்டாம். வெயிலில் பின்புறத் திரை ஒன்றும் காட்டாது. மேலும், கருவியை நெற்றியோடு அணைத்துப் பிடித்தால் இரண்டு கைகளுக்கு மூன்றாவது துணையாகிறது. எடையையும் பாருங்கள். 3000 மில்லிமீட்டர் போகும் நிக்கான் பி1000, ஒரு கிலோ நானூறு கிராம் இருக்கிறது; பத்து வயதுப் பிள்ளையின் கை எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் ஏறியபின் சூடான சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவின் ஊடே 3000 மில்லிமீட்டரில் எடுத்தால் படமும் நெளிந்துதான் வரும்.

கோலசிலாங்கூர், கோலகூலா போன்ற கடலோரங்களில் வசிப்பவர்களுக்கு எங்கள் கணக்கு பொருந்தாது. அங்கே சேற்றுவெளி திறந்து கிடக்கிறது. பறவைகளோ தொலைவில் நிற்கின்றன. காலை வெளிச்சத்தில் 1200 அல்லது 2000 மில்லிமீட்டர் அங்கே நன்றாக உழைக்கும்.

நாங்கள் இரண்டாம் முறை பெற்றோரிடம் கணக்குச் சொல்லி, பணம் திரட்டி, பழைய எஃப்.இசட்.300 ஒன்றை வாங்கினோம். தூறலையும் தூசியையும் அது ஓரளவு தாங்கும். பழைய கருவி வாங்குவோர் ஒன்று செய்யவேண்டும். கைவிளக்கை வில்லைக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்றில் அது எளிதில் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் கருவி பிழைக்கும். அலமாரியில் துணிகளுக்கிடையே வைப்பது ஆகாது.

இன்னொன்று. கிரீக்–ஜெலி நெடுஞ்சாலையில் யானையைக் கண்டதும் கைப்பேசியோடு வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். யானை ஓடத் தொடங்கினால் நம்மால் ஓடித் தப்ப முடியாது. நீண்ட வில்லை கையில் இருக்கும்போது, வண்டிக்குள் இருந்தபடியே எடுக்கலாம். கூகைப் பெட்டியைக் குச்சியால் தட்டுவதும், அதன் முகத்தில் மின்னல் விளக்கு அடிப்பதும் எங்கள் கழகத்தில் விலக்கு. எட்டு மரம் தள்ளி உட்கார்ந்து காத்திருக்கவேண்டும்.

அப்படிக் காத்திருந்து, பொழுது சாயும் நேரத்தில், பெட்டி வாயிலில் வெள்ளை முகம் எட்டிப் பார்த்ததை ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்துவிட்டான். படம் கொஞ்சம் மணல் மணலாகத்தான் இருக்கிறது. சட்டம் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். ஆந்தைப் படத்தை வீட்டில் மாட்டக்கூடாது என்று பாட்டி மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அது எங்கள் ஆசிரியர் அறையில் தொங்குகிறது.