முதல்நூலும் வழிப்புனைவும்: தாளிலும் திரையிலும்



ஒருவர் படைத்த கதைமாந்தரை, அக்கதையின்பால் பற்றுக்கொண்ட வாசகர் எடுத்துக்கொண்டு வேறொரு கதை புனைவதை இரசிகர் புனைவு என்கின்றனர். பெயர் புதிது, செயல் பழையது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நன்னூல் வகுத்ததை நாம் வகுப்பறையில் கற்பித்தே வருகிறோம். சிலப்பதிகாரத்தைப் படித்து முடித்தவர், மாதவியின் மகள் பின்னர் என்ன ஆனாள் என வினவினால், மணிமேகலை விடை கூறும்.

அண்மைக்காலச் சான்று பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த அத்தொடர் நிறைவுற்றபோது, மாந்தர் பலரின் பிற்கால வாழ்வு சொல்லப்படாது நின்றது. வாசகர்தம் கேள்விகளுக்கு ஆசிரியரே முடிவுரையில் விடையளிக்க நேர்ந்தது. பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யிலும் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்த’னிலும் அக்கதையைத் தொடர்ந்தனர். அவை அச்சேறிய நூல்கள். இன்றோ வாட்பேடு, பிரதிலிபி போன்ற தளங்களில் எவரும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம். நிபோங் திபாலில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவி அதனைத் திறன்பேசியில் படித்துவிடலாம்.

திரையில் படிப்பது மனத்தில் தங்காது என்பது ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி கேட்கும் குறை. 54 ஆய்வுகளையும் ஏறத்தாழ 170,000 வாசகரையும் உள்ளடக்கி 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, செய்தி விளக்கும் பனுவல்களைத் தாளில் படித்தோர் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டனர் எனக் கண்டது. கதை மட்டும் படித்தோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, திரையில் கதை படிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு அவ்வாய்வு துணைநில்லாது.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அச்சிதழில் வந்த கதையை இதழாசிரியர் ஒருவர் படித்து, பிழை களைந்து, அதன் பின்னரே அச்சுக்கு அனுப்பினார். வாரந்தோறும் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்து, பைண்டு செய்து பேணிய குடும்பங்கள் பல. முதல்நூலும் வழிநூலும் ஒரே அலமாரியில் நின்றன. ஐயம் எழுந்தால் இரண்டையும் விரித்து ஒப்புநோக்கலாம். திரையிலோ எழுதுபவரே பதிப்பாளர். படித்தவர் அன்றே கருத்துரைக்கிறார் என்பது எழுதும் கைக்குப் பெரும் ஊக்கம்; இதில் அச்சிதழ் தோற்றுத்தான் போகும், ஏனெனில் வாசகர் கடிதம் அச்சேறுமுன் கதை எங்கோ சென்றிருக்கும். ஆயினும், எழுதியவர் ஒருநாள் தம் கணக்கை நீக்கிவிட்டால் அத்தனை அத்தியாயங்களும் உடன் மறையும். ஏட்டுச்சுவடிகள் அழிந்ததற்குக் கரையானைக் குறை கூறினோம். இங்கே கரையானும் தேவையில்லை. 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் உ.வே.சாமிநாதையர் பதிப்பிக்க முடிந்தது, அவற்றின் ஏடுகளை எவரெவரோ வீடுகளிலும் மடங்களிலும் காத்து வைத்திருந்ததனால் அன்றோ?

நம் மாணவர் எழுதும் வழிப்புனைவுகளில் சிலவற்றையேனும், அவர்தம் இசைவுடன், தாளில் அச்செடுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். கையெழுத்து இதழ் நடத்திப் பழகிய பள்ளிகளுக்கு இது புதுப்பணி அன்று. முதற்பக்கத்தில் முதல்நூலின் பெயரும் அதன் ஆசிரியர் பெயரும் தவறாது இடம்பெறல் வேண்டும். கல்கி எழுதியது எது, நம் பிள்ளை புனைந்தது எது எனப் பின்னாளில் எடுத்துப் படிப்பவர் மயங்கலாகாது.